கழன்று வராத விறகு

அத்தியாயம் 7

"இன்னொரு தடவை அந்த விறகைப் பத்தி வாயைத் திறந்தீங்கன்னா, மத்தியானம் வரைக்கும்கூட காத்திருக்க மாட்டேன். நானே இப்பவே உங்களைத் தூக்குல போட்டுருவேன்," என்றார் டூடர்.

ஐனியன் அசையவில்லை. நிலவறைச் சுவரில் அடித்த வளையத்தோடு கால் சங்கிலி, மடியில் பாதி தின்ற ஓட்ஸ் ரொட்டி. ரோஸ்வென் கோட்டையின் வாசல்காவலர் அவர். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களை இந்த அறைக்குள் தள்ளிப் பூட்டியவர், மூன்று நாளாகத் தானே உள்ளே இருக்கிறார். இன்று உச்சிவேளை மணி அடித்ததும் தூக்கு.

"நியாயத்தைச் சொல்ல விடுங்கய்யா," என்றார். "சனிக்கிழமை சாயங்காலம் வந்த வண்டியில என் பங்கு விறகு..."

டூடர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். இந்த வழக்கில் அதுவரை அடி வாங்கியது அந்தத் தொப்பி ஒன்றுதான்.

என் பெயர் வில்கின். டூடருக்கு எழுத்தன், குதிரைக்காரன், சமையல் ருசி பார்ப்பவன், கோபம் வந்தால் திட்டு வாங்குபவன். பிறந்தது இங்கிலாந்துப் பக்கத்து லட்லோவில். பதினோரு வருஷமாக இந்த வேல்ஸ் எல்லையில் மழையில் ஊறி, இப்போது என் இருமல்கூட வேல்ஸ்காரன் இருமல் மாதிரி ஆகிவிட்டது. டூடர் எங்கள் பிரபுவின் விசாரணையாளர். பிரபு அரசரோடு போருக்குப் போயிருக்கிறார். அவர் திரும்பும் வரை கோட்டை முழுக்கக் கோட்டைத் தலைவர் சர் ரால்ஃப் கையில்.

வழக்கு ரொம்பச் சின்னது, அதனால்தான் எரிச்சல். கெத்தின் என்று ஒரு மாட்டுத் திருடன். காவல் இல்லாத மேய்ச்சலாகப் பார்த்து எங்கள் மாடுகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனவன். பிடித்து இதே நிலவறையில் போட்டோம். திங்கட்கிழமை தூக்கு என்று நாளும் குறித்தாகிவிட்டது. சனிக்கிழமை இரவு சாப்பாடு கொடுத்துப் பூட்டினார் ஐனியன். ஞாயிறு காலை கஞ்சி கொண்டுபோய்த் திறந்தார். பூட்டு பூட்டியபடி இருந்தது, உள்ளே ஆள் இல்லை. சுவர் எட்டடி தடிமன். ஜன்னல் என்று ஒன்று உண்டு, அதில் நுழைய ஒரு பூனைகூட இரண்டு தரம் யோசிக்கும்.

சர் ரால்ஃபின் தீர்ப்பு அதைவிடச் சின்னது. இரவு மணி அடித்ததும் சாவிக்கொத்து அவரிடம் போகும், விடியல் மணிக்கு ஐனியனிடம் திரும்பும். "ராத்திரி முழுக்க சாவி என் தலையணைக்கு அடியில். விடிஞ்சதும் ஐனியன் கையில். அப்போ திறந்தது யார்?" கைதியைத் தொலைத்தவன் கைதியின் இடத்தில் நிற்க வேண்டும் என்பது இந்தக் கோட்டையின் பழைய வழக்கம். பிரபுவே வந்தாலும் அதை மாற்ற முடியாது.

டூடர் தொப்பியை எடுத்துத் தட்டினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில இந்த வாசல் வழியா வெளிய போனது என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஆளு?"

"இல்ல."

"ஆடு, கோழி, நாய்?"

"இல்லய்யா. பாதிரியார் முன்னாடி வேதப் புத்தகத்து மேல கையை வெச்சுச் சொல்லியாச்சு. உள்ள வந்தவங்க நிறைய. பூசைக்கு ஊரே வந்துச்சு. வெளிய ஒண்ணும் போகல."

"அப்போ கெத்தின் புகையாத்தான் போயிருக்கணும்," என்றேன் நான். "புகைக்கு வாசல்ல வரி உண்டாண்ணே?"

"டேய்," என்றார் டூடர். அது எனக்குப் 'போய்க் குதிரையைப் பார்' என்று அர்த்தம். ஆனால் வெளியே மழை. நான் ஐனியன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டேன். சாகப்போகிறவர் ரொட்டியைத் தின்னுகிறோமே என்று உறுத்தியதால், பதிலுக்கு ஏதாவது நல்லது செய்யத் தோன்றியது.

"சரிண்ணே," என்றேன். "அந்த விறகுக்கு என்னதான் ஆச்சு? மூணு நாளா முதல் வரியைத் தாண்டி யாருமே உங்களைச் சொல்ல விட்டதில்ல."

டூடர் என்னை முறைத்தார். ஐனியனின் கண் ஈரமாகிவிட்டது. கேட்க ஒரு ஆள் கிடைத்தான்.

வாசல்காவலரின் உரிமை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். உள்ளே வரும் ஒவ்வொரு விறகு வண்டியிலும் அவருக்கு ஒரு கட்டை. ஆனால் ஒரே கையால் உருவ வேண்டும், வண்டியை நிறுத்தக் கூடாது, குதிரையின் நடையும் குறையக் கூடாது. வந்தால் அவருடையது. வராவிட்டால் போச்சு. ஐனியனின் வலது முன்கை என் தொடை அளவு இருக்கும். அந்தக் கை இருபத்திரண்டு வருஷத்தில் தவறியதே இல்லை.

"நல்ல ஓக் கட்டை. பிடி சரியா மாட்டுச்சு," என்றார். "இழுத்தேன். அசையல. வேர் விட்ட மாதிரி நிக்குது. சரி, மேல கனம் அழுத்துதுன்னு பக்கத்துக் கட்டையைப் பிடிச்சேன். அதுவும் அசையல. தம்பி, அடுக்கின விறகுல ஒண்ணை இழுத்தா கூட நாலு ஆடணுமா இல்லையா? ஒண்ணுமே ஆடல. ஊரே பார்த்துச் சிரிக்குது. வண்டி உள்ள போயிருச்சு."

"பாவம்."

"ராத்திரி தூக்கமே இல்ல. அதான் காலையில அவன் போறப்ப மடக்கிப் பிடிச்சேன்."

டூடர் கதவருகில் போய்விட்டிருந்தார். அப்படியே நின்றார்.

"யாரு போறப்ப?"

"வண்டிக்காரன்தான்."

"வெறும் வண்டியோடவா?"

"விறகோடதான். ஈர விறகுன்னு சமையக்கட்டுல வேண்டாம்னுட்டாங்களாம், திருப்பி எடுத்துட்டுப் போறேன்னான்."

 டூடர் மெதுவாகத் திரும்பி வந்து ஐனியன் எதிரில் குந்தினார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். அவர் மரியாதையாகப் பேசினால் நான் இரண்டடி தள்ளிப் போய்விடுவேன்.

"ஐனியன். ஞாயித்துக்கிழமை வாசல் வழியா ஒண்ணும் வெளிய போகலன்னு சத்தியம் பண்ணீங்க."

"ஆமா. போகல."

"ஒரு வண்டி விறகு போயிருக்கு."

"ஐயா, நீங்க படிச்சவங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா? என் பங்கை உருவாத விறகு உள்ள வந்ததாவே ஆகாது. அதானே வழக்கம்? உள்ளயே வராதது எப்படிய்யா வெளிய போகும்?"

டூடர் எழுந்து போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மூன்று நாள் நாங்கள் மதில் ஏறினோம், அகழியில் கம்பு விட்டுத் தேடினோம், கழிவறைக் குழிக்குள் என்னை இறக்கிப் பார்த்தார் டூடர். அந்த நாற்றம் இன்னும் என் காதுக்குப் பின்னால் இருக்கிறது. முதல் நாளே இந்த மனுஷனை ஒரு நிமிஷம் பேச விட்டிருந்தால் போதும்.

"என் தப்புடா," என்றார் டூடர் சுவரைப் பார்த்து. "நான்தான் வாயை அடைச்சேன்."

"சுவர் மன்னிச்சிருச்சு, ஐயா. நேரம்தான் மன்னிக்காது. மணி பத்தாகுது."

சமையல்கட்டில் நெஸ்டா ஒரு அண்டா கஞ்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது பேருக்குப் பொங்குகிறவள், நாற்பது பேரையும் திட்டுகிறவள்.

"ஈர விறகுன்னு திருப்பி அனுப்பினியா?" என்று கேட்டார் டூடர்.

"யாரு, நானா? இந்த ஊர்ல காய்ஞ்ச விறகுன்னு ஒண்ணு இருக்கா? நான் பொறந்ததுல இருந்து ஈர விறகுதான் ஊதிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை தண்ணியைக் கொண்டுபோய் வெச்சுட்டு வந்து பார்க்கறேன், முற்றத்துல நின்ன வண்டியைக் காணோம். அடுப்புல வைக்க ஒரு சுள்ளி இல்ல. லாயத்துப் பலகையை உடைச்சு எரிச்சுக் கஞ்சி வெச்சேன். அதுல குதிரை வாடை அடிக்குதுன்னு உங்க வில்கின்தான் முதல்ல சொன்னான்."

"சொன்னேன். ரெண்டாவது தடவையும் வாங்கிக் குடிச்சேன்."

"சனிக்கிழமை சாயங்காலமே ஏன் இறக்கல?" என்றார் டூடர்.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். டூடர் காதைக் கொடுத்துக் குனிந்தார். அவள் சொன்னது இரண்டு மூன்று வார்த்தைதான் இருக்கும். எனக்குக் கேட்கவில்லை. டூடரின் முகம் புளித்த ஏல் மது குடித்த மாதிரி ஆனது.

"என்ன சொன்னா?" என்றேன்.

"ஆத்துத் துறைக்குக் கிளம்பு."

"ஐயா, குழிக்குள்ள இறங்குறதுக்கு மட்டும் நான் வேணும், ரகசியத்துக்கு வேணாமா?"

"கிளம்புடா."

"நானும் வரேன்," என்றாள் நெஸ்டா. "அது என் விறகு."

துறையில் ஆறு அகலம், ஆனால் ஆழம் தொடைவரைதான். நடுவில் ஒரு எல்லைக்கல். அதுவரை எங்கள் பிரபுவின் மண், அதைத் தாண்டினால் சர் ஹேமோவின் மண். அந்தக் கரையில் ஹேமோவின் மாளிகை. அகழி இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, மதில் மேல் அம்பு விடுகிறவர்கள் மறைந்து நிற்க வரிசையாகப் பல் வைத்துக் கட்டியிருக்கிறது. கோட்டை என்றால் அரசரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதால், இது வீடு, அந்தப் பற்கள் புறா உட்கார என்று சாதிக்கிறார் மனுஷன்.

மாளிகைச் சுவரோரம் விறகு வண்டி நின்றது. குதிரையை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். விறகு அடுக்கு அப்படியே இருந்தது. அடுக்கின் பின்பக்கத்திலிருந்து, இரண்டு ஓக் கட்டைகளுக்கு நடுவே, கிழிந்த காலுறை போட்ட இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இந்தப் பக்கத்து ஓக் மரத்துக்கு விரல் முளைக்குமா?" என்றேன் நான்.

நெஸ்டா அந்தக் கரைக்குக் கேட்கும்படி கத்தினாள். பாதங்கள் திடுக்கிட்டு உள்ளே போயின. கொஞ்ச நேரத்தில் அதே இடத்திலிருந்து தலைமுடி கலைந்த கெத்தின் ஊர்ந்து வந்தான். கையில் பாலாடைக்கட்டி. விறகு என்பது வெளிச்சுவர்தான். ஆணி வைத்து அடித்த கட்டைகள், உள்ளே ஒரு ஆள் நீட்டிப் படுக்கப் பெட்டி. ஐனியனின் கை அந்த ஆணியோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறது.

"காலை வணக்கம் டூடர் ஐயா," என்றான் கெத்தின். "மன்னிக்கணும். மழைக்கு இதைவிட நல்ல இடம் இங்க இல்ல. மாளிகை ஒழுகுது."

டூடர் ஆற்றில் இறங்கிவிட்டார். எல்லைக்கல் வரை போனார். அங்கே நின்றார். இன்னும் ஒரு அடி வைத்தால் அது கைது இல்லை, படையெடுப்பு. கெத்தினும் தெரிந்தே கரையோரம் வந்து உட்கார்ந்து பாலாடைக்கட்டியைக் கடித்தான். நாலு எட்டு வைத்தால் பிடித்துவிடும் தூரம்.

"ஹேமோ துரை 'இவன் என் ஆள்'னு மூணு சாட்சி முன்னாடி சொல்லிட்டாரு," என்றான்.

எங்கள் எல்லையில் சட்டம் அவ்வளவுதான். ஆற்றைத் தாண்டியவனை அந்தக் கரைப் பிரபு வாயைத் திறந்து 'என் ஆள்' என்று சொன்னால் அவன் பிழைத்தான். சொல்லாவிட்டால் அவன் யாருமற்றவன், யார் வேண்டுமானாலும் பிடித்துக் கட்டலாம்.

"கதவைத் திறந்துவிட்டது யாரு?" என்றார் டூடர்.

"சாவி வெச்சிருந்தவரு."

"ஐனியனா?"

கெத்தின் மெல்லுவதை நிறுத்தினான். "அவரையா பிடிச்சு வெச்சிருக்காங்க? அடப்பாவமே. நேரத்துக்குக் கஞ்சி கொடுத்த ஆளு."

"மத்தியானம் தூக்கு. வந்து உண்மையைச் சொல்லு. உன்னைப் பத்திரமாத் திருப்பி அனுப்பறேன். என் வாக்கு."

"உங்க வாக்கு நல்ல வாக்குதான். உங்க கோட்டைத் தலைவர் கயிறும் நல்ல கயிறு." அவன் உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் எழுந்து வண்டியைப் பார்த்துப் போனான். "ஐனியன் அண்ணன்கிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க."

டூடர் தண்ணீரில் நின்று அந்த முதுகைப் பார்த்தார்.   திருடன் கண் முன்னால், வண்டி கண் முன்னால், பெட்டி கண் முன்னால், எதையும் தொட முடியவில்லை. எனக்கே ஆத்திரம் தாங்காமல் ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். அது புறாப் பற்கள் வரைகூடப் போகவில்லை.

நாங்கள் ஓடி வந்து சேர்ந்தபோது முற்றம் நிறைந்திருந்தது. குடியானவர்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். பாதிரியார் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார். வாசல்கோபுரத்து உத்தரத்தில் கயிறு. அதன் கீழே ஐனியன். சர் ரால்ஃப் நல்ல கம்பளி மேலங்கி போட்டு, இடுப்பில் சாவிக்கொத்தோடு நின்றார்.

"டூடர், நேரம் முடிஞ்சுது," என்றார்.

"ஒரே ஒரு கேள்வி, துரை. சட்டப்படி கேட்டுப் பதிவு பண்ணணும். சனிக்கிழமை ராத்திரி சாவி எங்க இருந்துச்சு?"

"என் தலையணைக்கு அடியில். எத்தனை தடவை சொல்றது?"

"நீங்க தூங்கறப்ப யாராவது உருவியிருக்கலாம்."

சர் ரால்ஃப் சிவந்துபோனார். "ஒன்பது வருஷமா இந்தக் கோட்டைச் சாவியை வெச்சிருக்கேன். எலி ஓடினாலே முழிச்சுக்குவேன். என் தலைக்கு அடியில இருந்து சாவியை எடுக்க ஒருத்தன் பொறந்து வரணும்."

"வேதப் புத்தகத்து மேல?"

"கொண்டா." கையை வைத்துச் சொன்னார்.

டூடர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை பூசைக்கு வந்து வாசல்ல காத்திருந்தவங்க யாரு?"

முக்கால்வாசிப் பேர் கை தூக்கினார்கள்.

"விடியல் மணி பன்னிரண்டு அடி அடிக்கும். கடைசி அடிக்குள்ள கதவைத் திறக்கணும்னு வழக்கம். அன்னிக்குத் திறந்தாரா?"

"எட்டாவது அடியிலயே திறந்துட்டாரு," என்றான் ஒரு கிழவன். "ஏதோ அவசரத்துல இருந்தாரு."

"சாவி கைக்கு வந்தது எப்போ?"

"முதல் அடிக்குத் துரை ஜன்னல்ல இருந்து போட்டாரு," என்றாள் நெஸ்டா. "நான் கிணத்தடியில நின்னேன். ஐனியன் பிடிச்சாரு, நேரா வாசலுக்கு ஓடினாரு. வண்டி குதிரை பூட்டி ரெடியா நின்னுச்சு."

"கதவு திறந்த பிறகு ஐனியன் எங்க போனாரு?"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. ஒரு அம்மாள் வாய்விட்டே சொன்னாள். "எங்கய்யா போனாரு? வாசலை அடைச்சுக்கிட்டு அந்த வண்டிக்காரனோட விறகுச் சண்டை. நாங்க பூரா மழையில நிக்கிறோம். பூசை மணியே அடிச்சிருச்சு. அதுக்கப்புறமும் வண்டி பின்னாடியே பாலம் வரைக்கும் போய்க் கத்திட்டு வந்தாரு."

"ஒரு வார்த்தை விடாம எங்களுக்கு மனப்பாடம்," என்றான் கிழவன். "ஒரே கையாம், ஓக் கட்டையாம்."

அந்தச் சிரிப்பு அடங்கும் வரை டூடர் பொறுத்திருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். அந்த வண்டி விறகுக்குள் பெட்டி இருப்பதை இன்று நாங்கள் மூன்று பேர் பார்த்தோம். கெத்தினின் கால்களோடு பார்த்தோம். அன்று வாசலைத் தாண்டி வெளியே போனது அந்த வண்டி ஒன்றுதான். கதவு திறந்த நிமிஷத்தில் அது கிளம்பியது. ஆகவே மணி அடிப்பதற்கு முன்பே கெத்தின் அதற்குள் இருந்தான். நிலவறையைத் திறந்து, மறுபடி பூட்டியதும் மணிக்கு முன்புதான்.

"மணிக்கு முன்னாடி சாவி எங்க இருந்துச்சுன்னு நான் சொல்லத் தேவையில்ல," என்றார். "துரையே இப்பத்தான் சத்தியம் பண்ணிச் சொன்னாரு."

 சர் ரால்ஃப் நெஸ்டாவைப் பார்த்தார், அது அவர் செய்த தப்பு.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றாள் அவள். "சனிக்கிழமை விறகை இறக்கப் போனவளை, இருட்டுல வேணாம் நெஸ்டா, காலையில பார்த்துக்கலாம்னு நீங்கதானே தடுத்தீங்க. ஒன்பது வருஷத்துல என் முதுகு மேல உங்களுக்கு வராத அக்கறை அன்னிக்கு ஏன் வந்துச்சுன்னு அப்பவே யோசிச்சேன்."

இதைத்தான் காதில் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, ஆனால் அதற்கு நேரமில்லை.

"தூக்குமேடையில ஏறினவன் கடைசியா பேசலாம்," என்றார் டூடர். "அது அவன் உரிமை. காவல் இல்லாத மேய்ச்சல் எதுன்னு ஹேமோவுக்குத் தகவல் சொன்னது யாருன்னு கெத்தின் பேசியிருப்பான். அதான் அவனை அனுப்பி வெச்சீங்க. இல்ல, உங்க சாவியைத்தான் யாரோ எடுத்தாங்கன்னு வெச்சுக்குவோம். அப்பவும் கைதியைத் தொலைச்சது நீங்கதான். ரெண்டுல எது சொன்னாலும் அந்தக் கயிறுக்குக் கீழ நிக்க வேண்டிய ஆளு மாறியாச்சு."

நான் எதிர்பார்த்தது ஒரு கூச்சல். நடந்தது அதுவல்ல. சர் ரால்ஃப் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்துச் சேற்றில் எறிந்தார். "வெச்சுக்குங்க உங்க கோட்டையை," என்றார். வாசலைப் பார்த்து நடந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது.

"பிடிங்க," என்றார் டூடர்.

ஒருவரும் அசையவில்லை. ஒன்பது வருஷமாக அந்த மேலங்கியைப் பார்த்துக் குனிந்த முதுகுகள். அவர் கடந்து போகும்போது இரண்டு பேர் பழக்கத்தில் தொப்பியைக்கூடக் கழற்றினார்கள். டூடர் கத்திய வார்த்தைகளைப் பாதிரியார் இருந்ததால் எழுதாமல் விடுகிறேன். ஐனியனின் சங்கிலியை அவிழ்க்கும்படி நெஸ்டாவிடம் சொல்லிவிட்டு நாங்கள் பின்னால் ஓடினோம்.

எட்டவில்லை. நாங்கள் துறைக்குப் போனபோது அவர் எல்லைக்கல்லைத் தாண்டி இரண்டடி அந்தப் பக்கம் நின்றிருந்தார். தண்ணீர் தொடைவரை ஓடியது. இன்று இரண்டாவது முறையாக நாங்கள் அதே கல்லுக்கு முன்னால் நின்றோம்.

"மாடு அந்தப் பக்கம், திருடன் அந்தப் பக்கம், இப்போ கோட்டைத் தலைவரும் அந்தப் பக்கம்," என்றேன். "பேசாம நாமளும் போயிடலாமா ஐயா? இங்க யாரும் மிச்சமில்ல."

  குற்றவாளி யார் என்று ஊர் முன்னால் நிரூபித்தாகிவிட்டது. அவன் மூன்று கஜ தூரத்தில் நிற்கிறான். அவனுக்கு ஹேமோ ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

அந்தக் கரையில் ஹேமோவின் காரியஸ்தர் குடை மாதிரி ஒரு தோலைத் தலையில் பிடித்தபடி வந்தார். பின்னால் கெத்தின்.

"உங்க துரையைக் கூப்பிடு," என்றார் சர் ரால்ஃப். "நான் வந்திருக்கேன்னு சொல்லு. 'என் ஆள்'னு சொல்லச் சொல்லு."

காரியஸ்தர் உள்ளே போனார். மதில் பற்களுக்கு நடுவே ஒரு தலை எட்டிப் பார்த்து மறைந்தது. வெகுநேரம் ஆனது. எங்களுக்கே கால் மரத்துவிட்டது. காரியஸ்தர் திரும்பி வந்து, தண்ணீரில் இறங்காமல், கரையிலிருந்தே சொன்னார்.

"எங்க துரை சொன்னாரு, ரோஸ்வென் கோட்டைச் சாவி வெச்சிருந்த ஒருத்தரைத் தெரியுமாம். சாவி இல்லாம ஆத்துல நிக்கிறவர் யாருன்னு தெரியலையாம்."

"என்னைத் தெரியாதா? கெத்தின், நீ சொல்லு."

கெத்தின் கீழே பார்த்தான். "நான் இப்பத்தான் துரை இங்க சேர்ந்திருக்கேன்," என்றான்.

காரியஸ்தர் இரண்டு ஆட்களைக் கைகாட்டி வரவழைத்தார். அவர்கள் கையில் கயிறு இருந்தது. யாருமற்றவனை யாரும் கட்டலாம். சர் ரால்ஃப் அதைப் பார்த்தார். பின்வாங்கினார். எல்லைக்கல்லைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தார். எங்களைப் பார்க்காமல், நனைந்த மேலங்கி கனக்க, மேட்டில் ஏறினார். பிடித்துக் கட்டலாம்தான். டூடர் கையை நீட்டித் தடுத்தார்.

"விடு. எங்க போறாருன்னு பார்ப்போம்."

போக ஒரே இடம்தான் இருந்தது. கோட்டை வாசல் சாத்தியிருந்தது. தலைவர் இல்லாத கோட்டையைத் திறந்துபோடக் கூடாது என்று ஐனியன் சாத்தியிருக்கிறார். சங்கிலி அவிழ்ந்து அரைமணிகூட ஆகியிருக்காது. சர் ரால்ஃப் கதவைத் தட்டினார். நாங்கள் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றோம்.

திட்டிவாசலின் சின்னக் கதவு திறந்தது. ஐனியனின் முகம் தெரிந்தது.

"யாரு?"

"நான்தான். ரால்ஃப்."

"பேரு கேக்கலய்யா. யாரோட ஆளு?"

சர் ரால்ஃப் கதவிலிருந்து கையை எடுத்தார்.  திரும்பி ஆற்றைப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார்.

"வாசல்ல வந்து நிக்கிறவங்களைக் கேக்கணும், அது என் வேலை," என்றார் ஐனியன். குரலில் கோபமே இல்லை. "யாரோட ஆளு நீங்க?"

"சீக்கிரம் சொல்லுங்க துரை," என்றார் டூடர் பின்னாலிருந்து. "நாங்களும் நனையறோம்."

"யாரோட ஆளும் இல்ல," என்றார் சர் ரால்ஃப். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஐனியனுக்குக் கேட்டது. தாழ்ப்பாளை விலக்கினார்.

"அப்படிப்பட்டவங்களுக்கு உள்ள ஒரே ஒரு அறைதான் இருக்கு," என்றார். "குனிஞ்சு வாங்க, துரை. நிலை தாழ்வு."